கோல சிலாங்கூரில் ஒரு சுற்று நடை



கோல சிலாங்கூருக்குப் போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மாலையில் புறப்பட்டுப் போகிறோம். பாசிர் பெனாம்பாங்கில் மீனும் இறாலும் சாப்பிடுகிறோம். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிகளைப் பார்க்கிறோம். பிறகு வீடு திரும்பிவிடுகிறோம். கோல சிலாங்கூரைப் பார்த்துவிட்டோம் என்றும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நாம் பார்த்தது ஓர் இரவையும் ஒரு சாப்பாட்டுக் கடையையும்தான். ஊரைப் பார்க்கவில்லை.

ஊரைப் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அது மிகவும் எளிய வழி. காசு செலவில்லாத வழி. காலையில் போக வேண்டும். நடந்து பார்க்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருமாறு ஒரு வட்டம் போட்டு நடக்க வேண்டும். இதைத்தான் சுற்று நடை என்கிறோம். கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருவது நமக்குப் பழக்கமான ஒன்று. அதேபோல ஊரையும் ஒருமுறை வலம் வந்தால் என்ன?

மேல்நாடுகளில் இப்படிப்பட்ட நடைகள் பல உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்ற தொழில் நகரம் இருக்கிறது. அங்கே 1761-ஆம் ஆண்டில் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் என்ற நீர்வழியைத் திறந்தார்கள். சுரங்கத்திலிருந்து நிலக்கரியைப் படகில் ஏற்றி நகரத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பதற்காக வெட்டிய கால்வாய் அது. கரையில் குதிரை நடக்கும். கயிற்றில் கட்டிய படகு பின்னால் வரும். காலம் மாறிற்று. இரயில் வந்தது, லாரி வந்தது. கால்வாயும் கரையோரக் கிடங்குகளும் பாழடைந்தன. பிறகு அவற்றைப் பழுதுபார்த்தார்கள். இன்று அங்கே குதிரை நடந்த பாதையில் மனிதர்கள் நடக்கிறார்கள். ஒரு தொழில் எப்படிப் பிறந்தது, எப்படி வாழ்ந்தது, எப்படி ஓய்ந்தது என்பதைக் காலாலேயே படித்துக்கொண்டு போகிறார்கள்.

நம் சிலாங்கூரின் வடபகுதியில் அப்படிப் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஈயம் இருந்தது, காப்பி இருந்தது, ரப்பர் இருந்தது, இப்போது செம்பனை இருக்கிறது. கால்வாயும் இருக்கிறது. ஆனால் மான்செஸ்டர் கால்வாய்க்கும் நம் கால்வாய்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கால்வாய் சரக்கைக் கொண்டுவந்தது. இங்கே கால்வாய் தண்ணீரைக் கொண்டுபோயிற்று. சதுப்பாய்க் கிடந்த நிலத்திலிருந்து நீரை வடித்ததனால்தான் அந்நிலத்தில் தோட்டம் உண்டாயிற்று. தோட்டம் உண்டானதனால்தான் நம்மவர்கள் அங்கே வந்தார்கள். ஆகவே கோல சிலாங்கூரில் நடக்கும்போது நாம் தேடிப் பார்க்க வேண்டியது கோட்டையை மட்டுமன்று. கானையும் கரையையும் மதகையும்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கான் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நீர் வடிவதற்கு வெட்டும் வாய்க்காலைத்தான் தோட்டத்து மொழியில் கான் என்பார்கள்.

வாருங்கள், நடப்போம். புறப்படும் இடம் புக்கிட் மெலாவாத்தி என்னும் குன்றின் அடிவாரம், பழைய கடைத்தெரு. வெயில் ஏறுமுன் புறப்படுவது நல்லது. கையில் தண்ணீர் இருக்கட்டும். குன்று பெரிய உயரமில்லை; பிள்ளைகளும் வயதானவர்களும் நிதானமாக ஏறலாம். தார்ச் சாலை வளைந்து வளைந்து மேலே போகிறது. இரு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடித்து நிற்கின்றன. சாம்பல் நிறக் குரங்குகள் உங்களைக் கூட்டமாக வரவேற்கும். அவற்றில் ஏதாவது ஒரு தாயின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டியைப் பார்க்கலாம். இந்த இனத்துக் குரங்கு பிறக்கும்போது ஆரஞ்சு நிறமாக இருக்கும். சில மாதங்களில் சாம்பல் நிறமாகிவிடும்.

மேலே பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. 1907-ஆம் ஆண்டில் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. சிலாங்கூர் அரச பரம்பரையின் முதல் மூன்று சுல்தான்களும் துயில்கொள்ளும் அடக்கத்தலம் இருக்கிறது. 1784-இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றைப் பிடித்தார்கள். தங்கள் தலைமை ஆளுநரான ஆல்டிங் என்பவரின் பெயரால் இதற்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே, 1785-இல், சுல்தான் இப்ராகிம் பகாங் படைகளின் துணையோடு கோட்டையை மீட்டுக்கொண்டார். பிறகு சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது 1871-இல் ரினால்டோ என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் ஆற்றின் முகத்தில் நின்று இக்கோட்டைகளைக் குண்டு வீசித் தகர்த்தது.

ஒரு சிறு குன்றுக்காக ஏன் இத்தனை சண்டை? இதற்கு விடை காண வரலாற்று நூலைப் புரட்ட வேண்டியதில்லை. குன்றின் மேல் நின்று கீழே பாருங்கள். அதோ சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கிறது. சாலைகள் இல்லாத காலத்தில் ஆறுதான் சாலை. உள்நாட்டில் எடுத்த ஈயமெல்லாம் படகில் ஏறி இந்த வாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். குன்றின் மேல் பீரங்கி வைத்திருப்பவன் எவனோ, அவன்தான் படகை நிறுத்துவான், வரி வாங்குவான். டச்சுக்காரர்களுக்கு வேண்டியிருந்தது ஈயம். மலாய்ப் பிரபுக்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டதும் ஈயத்தின் வரிக்காகத்தான். ஆக, இந்தக் குன்று ஒரு கோட்டை என்பதைவிட ஒரு சுங்கச் சாவடி என்பதே பொருத்தம்.

இனி உள்நாட்டுப் பக்கம் திரும்புங்கள். மரங்களுக்கு இடையே தெரிகிற வரையில் பாருங்கள். பார்வைக்கு எட்டாததை நான் சொல்கிறேன். ஆற்றோடு மேலே போனால் புக்கிட் ரோத்தான் வரும். அதற்கும் மேலே பத்தாங் பெர்ஜுந்தை வரும். பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பழையவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.

அந்த வட்டாரத்தில் ஈயம் எடுத்த விதத்தைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மூன்று நான்கு மாடி உயரமுள்ள ஒரு கப்பல் நிலத்தின் நடுவே, தனக்கென்று வெட்டிய குளத்தில் மிதக்கும். அதன் முன்புறத்தில் இரும்பு வாளிகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். வாளிகள் சுழன்று சுழன்று எதிரேயுள்ள மண்ணைத் தோண்டி உள்ளே கொண்டுவரும். கப்பலின் வயிற்றிலேயே மண்ணை அலசி, கனமான ஈயத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்ச மணலைப் பின்புறத்தில் தள்ளிவிடும். முன்னே தோண்டி, பின்னே நிரப்பி, குளத்தையும் கூட்டிக்கொண்டே கப்பல் நகரும். இரவு பகல் ஓயாமல் அதன் இரைச்சல் கேட்கும். பெர்ஜுந்தை ஈய நிறுவனம் ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாக ஈயம் எடுத்த நிறுவனங்களில் ஒன்று. 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது. விலை சரிந்தது. கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எஞ்சியவை வெள்ளை மணல்வெளிகளும் ஆழமான குளங்களும்தான். அந்தக் குளங்களைப் பற்றி நடையின் முடிவில் மறுபடியும் பேசுவோம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே அது யார் வாயில் பிறந்த பெயர் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தோட்டம் புகழ் பெற்றது தென்னையால் அன்று. ஹென்ரி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-ஆம் ஆண்டில் அங்கே செம்பனையை வியாபாரப் பயிராக நட்டார். அதற்குமுன் செம்பனை இந்நாட்டில் அழகுக்காக வளர்த்த மரம். வியாபாரத்துக்காக நட்ட முதல் தோட்டம் தென்னமரம்தான். இன்று தீபகற்பமெங்கும், சபா, சரவாக்கிலும் பரந்து கிடக்கும் செம்பனைக் காட்டுக்கெல்லாம் தொடக்கம் அந்தத் தோட்டமே. ஃபோக்கொனியே எழுத்தாளரும்கூட. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவருடைய பெயர் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. அங்கே குழி வெட்டி, கன்று நட்டு, குலை சுமந்தவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர்கள் வைத்த பெயர் ஒன்று மட்டும் தோட்டத்தின் பெயராகவே நின்றுவிட்டது. அங்கே உள்ள தமிழ்ப்பள்ளிக்கும் அதே பெயர்தான்.

சரி, குன்றை விட்டு இறங்குவோம். கடல் பக்கமாக இறங்கினால் அடிவாரத்தில் இயற்கைப் பூங்கா இருக்கிறது. 1987-இல் மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் உருவான பூங்கா அது. 200 ஹெக்டேருக்கும் மேற்பட்டது. வாசலில் எந்தெந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். காட்டுப் பாதையில் நடந்தால் ஓர் உயரமான மண்கரையின் மேல் வந்து ஏறுவீர்கள். நம் நடையின் முக்கியமான இடம் இதுதான். இங்கே சற்று நில்லுங்கள்.

கரையின் இரு பக்கமும் பாருங்கள். கடல் பக்கம் இருப்பது பாக்காவ் காடு. தமிழில் இதற்கு அலையாத்திக் காடு என்று அருமையான பெயர் உண்டு. அலையை ஆற்றுகின்ற காடு என்று பொருள். சில மரங்கள் கால் ஊன்றி நிற்பதுபோல் வேர்களை விழுதாக இறக்கியிருக்கும். சிலவற்றின் வேர்கள் பென்சில் முனைகள்போல் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அவை மூச்சு வேர்கள். சேற்றில் காற்று கிடையாது. ஆகையால் மரம் வேரை வெளியே நீட்டிச் சுவாசிக்கிறது.

கரையின் உள்பக்கம் இருப்பது வேறு காடு. ஆலும் அத்தியும் சூரல்களும் பெரணிகளும் வளர்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் இதுவும் பாக்காவ் காடாகத்தான் இருந்தது. நடுவில் கரையைப் போட்டதும் கடல் நீர் உள்ளே வருவது நின்றது. மழைநீர் உப்பைக் கழுவியது. பழைய மரங்கள் ஒழிந்து புதிய மரங்கள் வந்தன. கரையின் மேற்பரப்பில் நான்கு பேர் சேர்ந்து நடக்கலாம், அவ்வளவு அகலம்தான். அந்த நான்கு முழ அகலம் இரண்டு உலகங்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

இப்போது இந்தக் கரையின் வேலையை விளக்குகிறேன். மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இரண்டு முறை கடல் ஏறுகிறது. இரண்டு முறை வற்றுகிறது. கிள்ளான் பக்கத்துக் கடலில் பெரிய ஏற்றத்தின் மட்டத்துக்கும் வற்றின் மட்டத்துக்கும் சுமார் 4 மீட்டர் வேறுபாடு இருக்கும். ஒரு மாடி உயரத்துக்கும் மேல் அது. கடலோர நிலமோ ஏறக்குறையத் தட்டை. கரை இல்லாவிட்டால் பெரிய ஏற்றத்தின்போது உப்பு நீர் வயலுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் வந்துவிடும். சரி, கரை போட்டுக் கடலைத் தடுத்துவிட்டோம். மேலிருந்து பெய்கிற மழைநீர் எங்கே போகும்? கரையே அதற்கும் தடையாகிவிடுமே!

இங்கேதான் மதகு வருகிறது. தோட்டத்தில் வரிசைகளுக்கு இடையே சிறிய கான்கள் வெட்டுகிறோம். சிறிய கான்கள் பெரிய கானில் சேருகின்றன. பெரிய கான்கள் எல்லாம் கரையோரத்துக் கால்வாயில் சேருகின்றன. அந்தக் கால்வாய் கரையைக் கடக்கும் இடத்தில் ஒரு மதகு. பழைய மதகுகளில் கதவை மேலே கீல் போட்டு, கடல் பக்கமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கடல் ஏறும்போது வெளியிலிருக்கும் நீர் கதவை அழுத்தி மூடிவிடும். கடல் வற்றும்போது உள்ளேயிருக்கும் நீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். காவல்காரன் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். கடலே பூட்டும், கடலே திறக்கும். நாள் ஒன்றுக்கு இரண்டு முறை இந்த நிலம் மூச்சு விடுகிறது என்று சொல்லலாம்.

ரப்பர் மரத்தின் வேர் தண்ணீரில் நிற்க முடியாது, அழுகிவிடும். செம்பனை சற்றுத் தாங்கும். அதற்கும் வடிகால் வேண்டும். காப்பிக்கும் வேண்டும், தென்னைக்கும் வேண்டும். ஆகையால் கடலோரத் தோட்டங்களில் முதல் மரத்தை நடுவதற்கு முன்பே முதல் கானை வெட்டியாக வேண்டும். இடுப்பளவு சேற்றில் நின்று, மண்வெட்டியால் அள்ளிக் கரைமேல் போட்டு, அட்டைக்கும் கொசுவுக்கும் இரத்தம் கொடுத்து வெட்டிய கான்கள் அவை. ஜாவாவிலிருந்து வந்தவர்கள் வெட்டினார்கள், சீனர்கள் வெட்டினார்கள், நம்மவர்களும் வெட்டினார்கள். வெட்டுவது ஒருமுறை. தூர் வாருவதோ ஆண்டுதோறும். மழையில் மண் சரிந்து அடைத்துக்கொள்ளும், புல் மண்டிவிடும். கான் அடைத்தால் அடுத்த பருவத்தில் பால் குறையும். மலேரியாவும் வரும். கணக்குப் புத்தகத்தில் இவையெல்லாம் வெளிக்காட்டு வேலை என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டன.

வெட்டுவதில் ஓர் அளவும் உண்டு. இந்தக் கடலோரக் களிமண்ணில் சில இடங்களில் கந்தகமும் இரும்பும் கலந்த ஒரு பொருள் அடியில் படிந்திருக்கிறது. நீருக்குள் கிடக்கும்வரை அதனால் தீங்கில்லை. கானை அளவுக்கு மேல் ஆழப்படுத்தி நீரை முழுவதும் வடித்துவிட்டால் காற்று அதைத் தொடுகிறது. உடனே அது கந்தகத் திராவகமாக மாறத் தொடங்குகிறது. கான் நீர் துருப்பிடித்த நிறமாகும், மீன் சாகும், மரத்தின் இலை வெளுக்கும். ஆகவே நீரை வடிக்கவும் வேண்டும். முழுவதும் வடித்துவிடவும் கூடாது. எவ்வளவு நீரை விட்டுவைப்பது என்பதுதான் இந்த மண்ணின் வித்தை. அந்த வித்தையைப் பள்ளிக்கூடம் போகாத கைகள் கற்றிருந்தன.

கரைமேல் நடந்து முடிந்ததும், வந்த வழியே வாசலுக்குத் திரும்பி, குன்றின் அடிவாரச் சாலையைப் பிடித்து ஆற்றங்கரைக்கு வாருங்கள். எதிர்க்கரையில் தெரிவது பாசிர் பெனாம்பாங். பெனாம்பாங் என்றால் மலாய் மொழியில் ஆளை ஏற்றி அக்கரை சேர்க்கும் தோணி. பாலம் இல்லாத காலத்தில் தோணித்துறையாக இருந்த இடம் என்பதைப் பெயரே சொல்கிறது. இன்று அங்கே மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கின்றன.

ஆற்றில் கொஞ்சம் மேலே போனால் நீங்கள் இரவில் பார்த்த மின்மினிகளின் இடம். பகலில் அங்கே ஒன்றும் தெரியாது. ஆனால் பகலில்தான் அவற்றின் பிழைப்பு புரியும். அவை கூடுவது பெரெம்பாங் என்ற மரத்தில். அந்த மரம் உப்பும் நன்னீரும் கலந்த இடத்தில்தான் செழிக்கும். மின்மினியின் புழு கரையோர ஈர மண்ணில் நத்தைகளைத் தின்று வளரும். ஆற்றின் விளிம்புவரை நிலத்தைத் திருத்தித் தோட்டமாக்கினால் மரமும் போயிற்று; புழுவுக்கு ஈரமும் போயிற்று. மேலேயிருந்து நன்னீர் குறைந்தால் உப்பு மேலேறும். கானும் கரையும் அணையும் எங்கோ ஓரிடத்தில் செய்த மாற்றம், இன்னோர் இடத்தில் ஒரு சிறு பூச்சியின் விளக்கை அணைத்துவிடும். இதை உணர்ந்துதான் 2009-இல் மாநில அரசு இந்த ஆற்றங்கரையை மின்மினிகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது.

இப்போது அந்த ஈயக் குளங்களுக்கு வருவோம். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் குழாயைத் திறந்தால் வரும் நீரில் பெரும்பகுதி இந்தச் சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மழை பொய்க்கும் காலத்தில் ஆறு வற்றினால் தலைநகரமே தவிக்கும். அப்போது பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈயக் குளங்களிலிருந்து ஆற்றுக்கு நீரை இறைத்துவிடும் திட்டத்தைச் செய்தார்கள். ஈயம் எடுத்துவிட்டுப் பயனில்லை என்று விட்டுப்போன பள்ளம், இன்று குடிநீருக்குத் துணை நிற்கிறது. ஒரு தொழில் விட்டுச்சென்ற காயத்தை இன்னொரு தேவை பயன்படுத்திக்கொள்கிறது. குளத்து நீர் தூய்மையாக இருக்குமா என்ற கவலையும் உடன் வருகிறது. அதனால் சோதனையும் கண்காணிப்பும் இன்றியமையாதவை.

ஆற்றங்கரையிலிருந்து கடைத்தெரு பக்கம்தான். வட்டம் முடிந்தது. ஒரு காலைப்பொழுது போயிருக்கும், பசியும் எடுத்திருக்கும்.

நேரமும் வண்டியும் உள்ளவர்கள் சாப்பிட்டபின் வடக்கே தஞ்சோங் காராங் பக்கம் போகலாம். அங்கே இருப்பது வடிக்கும் கால்வாய் மட்டுமன்று, பாய்ச்சும் கால்வாயும்கூட. 1932-இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா அமைந்த பிறகு, 1930-களில் இந்தப் பகுதியில் நெல் விளைவிக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. பெர்ணாம் ஆற்று நீரைத் திருப்பி, தெங்கி ஆற்றின் வழியாகக் கொண்டுவந்து, கடற்கரைக்கு இணையாக ஓடும் பெரிய கால்வாயில் விடுகிறார்கள். சாவா செம்பாடான் தொடங்கி சிகிஞ்சான் வழியாக பாகான் தெராப் வரை ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் வயல் அந்நீரால் விளைகிறது. சிலாங்கூரின் நெற்களஞ்சியம் இதுதான். கால்வாய்க் கரையோடு ஒரு கட்டை தூரம் போய், வயல் சாலை வழியாகத் திரும்பினால் அது இரண்டாவது சுற்று.

வயலுக்குக் கிழக்கே கரிய மண் கொண்ட சதுப்புக் காடு இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக இலையும் மரமும் நீரில் ஊறிச் சேர்ந்த மண் அது. பஞ்சுபோல் மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் மெல்ல மெல்லக் கசியவிடும். அந்தக் காட்டிலும் ஒரு காலத்தில் மரம் இழுக்கவும் நிலம் திருத்தவும் கால்வாய்களை வெட்டினார்கள். நீர் வடிந்தது, மண் காய்ந்தது, தாழ்ந்தது, தீப்பற்றியது. அதன் புகையை நாமெல்லாம் சுவாசித்திருக்கிறோம். 2008 முதல் ராஜா மூசா காட்டில் அந்தக் கால்வாய்களைத் தடுத்து, நீரைத் தேக்கி, மரம் நடும் வேலை நடந்துவருகிறது. தாத்தா வெட்டிய கால்வாயைப் பேரன் அடைக்கிறான். இதில் தாத்தாவும் தவறு செய்யவில்லை. பேரனும் தவறு செய்யவில்லை. கடலோரக் களிமண்ணுக்கு வேண்டியது வேறு. காட்டுக் கரிமண்ணுக்கு வேண்டியது வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளத்தான் நமக்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

நேயர்களே, நிறைவாக ஒன்று. இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம் குடும்பங்களில் பல இன்று அங்கே இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போனார்கள். வேறு வழியின்றிப் போனவர்களும் உண்டு. இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். லயங்கள் இடிந்தன. பெரட்டுக் களத்தில் புல் முளைத்தது. ஆனால் கான்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. வரிசை பிசகாமல், அன்று கயிறு பிடித்து வெட்டிய அதே நேர்கோட்டில், இன்றும் நீரை வடித்துக்கொண்டிருக்கின்றன. நம்மவர்கள் இந்த மண்ணில் எழுதிவைத்த எழுத்து அது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகையால் அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்த நடையைச் செய்து பாருங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், நடக்க முடியாவிட்டாலும், வண்டியிலாவது ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு கானின் ஓரத்தில் நிறுத்தி, இதை எப்படி வெட்டினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை அடி, எவ்வளவு கூலி, யார் யார் கூட இருந்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த அலுவலகத்துப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம் அது. அந்தப் பாடத்தைச் சொல்லித் தர ஆள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.